குளிர்காலத்துக்கு ஊர் மாறியவர்களும் கூடப் போன நாயும்

பிரெஞ்சில் 'இவெர்னே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. குளிர்காலத்தை ஓர் இடத்தில் தங்கிக் கழிப்பது என்று பொருள். கடல் உறைந்தால் கப்பல் துறைமுகத்தில் ஒதுங்கி நிற்பது, பனி விழுந்தால் படை முகாமில் முடங்குவது, இதற்கெல்லாம் அந்தச் சொல்லைப் போடலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். மார்கழியிலும் வேர்வை துடைத்துக்கொள்ளும் புதுச்சேரிப் பிள்ளைகள் நாங்கள், அதை இறந்தகாலம் எதிர்காலம் எல்லாவற்றிலும் ஒப்பித்தோம். மனிதனும் குளிருக்குப் பயந்து ஊர் மாறுவான், அப்படி மாறுகிறவனுக்கு 'இவெர்னான்' என்று பெயர் என்பதை ரொம்பப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்று ஐரோப்பாவின் வடபகுதியில் ஓய்வு பெற்ற தம்பதிகள் பலருக்கு இது வழக்கம். நவம்பர் பிறந்தால் தென்பிரான்சின் கடலோரம், ஸ்பெயின், போர்த்துகல் என்று கிளம்பிவிடுகிறார்கள். மார்ச் கடைசியில் திரும்புகிறார்கள். சிலர் சிறு வீடாக வாடகைக்கு எடுக்கிறார்கள். சிலர் அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் உள்ள வண்டியிலேயே போகிறார்கள். அந்த வண்டியின் பின்சீட்டில் பெரும்பாலும் ஒரு நாய் உட்கார்ந்திருக்கும்.

அந்த நாய் அங்கே வந்து உட்கார எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். வயதானவர்கள் குளிர்காலத்தில் எங்கே போகலாம் என்பதைப் பணமும் ரயிலும் மட்டும் தீர்மானிக்கவில்லை. நோய் எல்லை தாண்டி வந்துவிடுமோ என்று அரசுகள் கொண்ட பயமும் சேர்ந்துதான் தீர்மானித்தது. அந்தப் பயம் முதலில் மனிதனை எல்லையில் நிறுத்தியது. பிறகு நாயை நிறுத்தியது.

தொடக்கம் நீஸ் நகரத்தில். டோபயஸ் ஸ்மோலெட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவர், நாவலாசிரியரும்கூட. நெஞ்சு நோய்க்காரர். 1763ல் ஒரே மகளைப் பறிகொடுத்துவிட்டு மனைவியுடன் பிரான்ஸ் வழியாக நீஸ் வந்து சேர்ந்தார். அப்போது நீஸ் பிரான்சைச் சேர்ந்ததல்ல, சார்தீனிய அரசின் ஊர். அங்கே தங்கி வெயில், மழை, காற்று எல்லாவற்றையும் நாள்தோறும் குறித்து வைத்தார். 1766ல் வெளிவந்த அவருடைய பயண நூலில் அந்தப் பதிவேடும் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வெயில் அடிக்கும் என்ற செய்தி இங்கிலாந்தில் பரவ அந்த நூல் ஒரு காரணம்.

அதன்பின் ஆங்கிலேயர் வரத்து கூடியது. 1820-21 குளிர்காலத்தில் நீஸிலேயே கடும் பனி விழுந்து ஆரஞ்சு மரங்கள் கருகிப் போயின. வேலை இழந்த ஏழைகள் தெருவில் கையேந்தினார்கள். அங்கே தங்கியிருந்த லூயி வே என்ற பாதிரியார் ஆங்கிலேயரிடம் பணம் திரட்டி, அந்த ஏழைகளைக் கொண்டு கடலோரமாக ஒரு நடைபாதை போட வைத்தார். ஊர் மக்கள் அதை ஆங்கிலேயர் பாதை என்றார்கள். இன்று உலகம் முழுவதும் தெரிந்த 'ப்ரொம்நாத் தெ ஆங்கிலே' அதுதான். நம் கடற்கரைச் சாலையில் காலை நடை போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அந்த ஊரின் புகழ்பெற்ற சாலை பஞ்ச நிவாரண வேலையாகப் பிறந்தது.

1834 டிசம்பரில் நடந்தது இன்னும் சுவையானது. இங்கிலாந்தில் நீதித் துறையின் உச்சப் பதவியை அப்போதுதான் விட்டு இறங்கியிருந்த ப்ரூம் பிரபு, மகளை அழைத்துக்கொண்டு நீஸ் போகப் புறப்பட்டார். பிரான்சுக்கும் சார்தீனியாவுக்கும் எல்லை வார் நதி. பிரான்சின் தென்பகுதியில் காலரா பரவியிருந்ததால் சார்தீனியா எல்லையை மூடிவிட்டது. எவ்வளவு பெரிய மனிதர் என்றாலும் காவலர்கள் விடவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் இருந்த கான் என்ற மீனவர் ஊரில் இரவு தங்கினார். ஊர் பிடித்துப்போயிற்று. நிலம் வாங்கி, வீடு கட்டி, மகள் பெயரையே வைத்தார். 1868ல் அந்த ஊரிலேயே இறந்து அந்த மண்ணிலேயே அடக்கமானார். அவர் வீடு கட்டிய ஊர் என்பதால் மற்ற பிரபுக்களும் வந்தார்கள். இன்று திரைப்பட விழா நடக்கிற கான் அதுதான். நோய்க்காக மூடிய ஓர் எல்லையால் ஒரு நகரம் உண்டானது.

இப்படி நோய்க்குப் பயந்து நிறுத்தி வைப்பதற்குப் பிரெஞ்சில் 'கராந்தேன்' என்று சொல்வார்கள். நாற்பது என்ற எண்ணிலிருந்து வந்தது. கப்பலில் வந்தவர்களை நாற்பது நாள் ஒதுக்கி வைத்த பழைய வெனிஸ் வழக்கம். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் அந்தச் சொல்லை ஆங்கில உச்சரிப்பில் கற்றுக்கொண்டோம்.

குளிர்காலக்காரர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது? ஏறக்குறைய மருந்துச் சீட்டு மாதிரி. ஜேம்ஸ் ஹென்றி பென்னட் என்ற ஆங்கில மருத்துவர் 1859ல் சாகத்தான் போகிறோம் என்று எண்ணி மாந்தோன் என்ற ஊருக்குப் போனார். காசநோய். சாகவில்லை, தேறினார். 1861ல் அந்த ஊரின் தட்பவெப்பம் பற்றிப் புத்தகம் எழுதினார். நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வெயில் ஏறியபின் நடை, மதியம் சாப்பாடு, கொஞ்சம் வெளியே உட்காருவது, சூரியன் சாயும் முன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துவது. ஆங்கிலக் கோயில், ஆங்கில நூலகம், ஆங்கில மருந்துக் கடை எல்லாம் வந்துவிட்டன. யார் எந்த விடுதியில் இறங்கியிருக்கிறார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் பட்டியல் போடுவார்கள். அதைப் பார்த்து ஒருவரை ஒருவர் போய்ப் பார்ப்பார்கள்.

வேலையில்லாத கணவனும் மனைவியும் வெளியூரில் நாள் முழுவதும் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நீஸில் ஒரு கதை சொல்வார்கள். 1860களில் தாமஸ் கவென்ட்ரி என்ற ஸ்காட்லாந்துக்காரர், படையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியுடன் அங்கே குளிர்காலம் கழித்தார். அந்த அம்மாள் காலையில் கடைத்தெருவுக்குப் போனால் பேச்சு சுவாரசியத்தில் நேரம் போவது தெரியாது. சாப்பாடு தாமதமாகும். பட்டாளத்துக்காரருக்குப் பொறுக்கவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பீரங்கி வெடிக்க ஏற்பாடு செய்தார். அவர் போனபிறகு ஊர்க்காரர்களுக்கு அது இல்லாமல் முடியவில்லை. 1870களில் நகராட்சியே அந்த வேலையை எடுத்துக்கொண்டது. நீஸில் இன்றும் பன்னிரண்டு மணிக்கு வெடிச்சத்தம் கேட்கும். ஓய்வு பெற்ற வீட்டில் நடக்கிற சண்டை ஒன்று ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

1863ல் கான் நகருக்கும் 1864ல் நீஸுக்கும் ரயில் வந்தது. குதிரை வண்டியில் வாரக்கணக்கில் போன பயணம் சில நாட்களில் முடிந்தது. 1860ல் நீஸும் பிரான்சோடு சேர்ந்துவிட்டது. 1887ல் ஸ்தேஃபான் லியேழார் என்ற எழுத்தாளர் தம் புத்தகத்துக்கு வைத்த 'கோத் தாசூர்' என்ற தலைப்பே, நீலக் கரை என்று பொருள்படும் அந்தப் பெயரே, கடலோரம் முழுவதற்கும் நிலைத்தது. விக்டோரியா அரசி 1882ல் மாந்தோன் வந்தார். 1895 முதல் 1899 வரை ஆண்டுதோறும் நீஸின் சிமியே மேட்டுக்கு வந்து தங்கினார். கழுதை பூட்டிய சிறு வண்டியில் உலா போவார். நம் நாட்டு முன்ஷி அப்துல் கரீமும் கூடப் போயிருக்கிறார்.

நாய்க்கு வருகிறேன். அந்தக் காலத்தில் நாய் எல்லை தாண்டுவது பெரிய விஷயமில்லை. 1880ல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனுக்கு நண்பர் வால்டர் சிம்சன் ஒரு கறுப்பு நாய்க்குட்டி கொடுத்தார். ஸ்கை டெரியர் வகை, உடம்பெல்லாம் முடி. கொடுத்தவர் பெயரையே வால்டர் என்று வைத்து, பிறகு அந்தப் பெயர் மாறி மாறி போக் என்று ஆயிற்று. ஸ்டீவன்சனுக்கு நெஞ்சு நோய். அவரும் மனைவி ஃபேனியும் அந்த நாயோடு சுவிட்சர்லாந்தின் தாவோஸ் ஊரில் இரண்டு குளிர்காலம் இருந்தார்கள். பின்னர் தென்பிரான்சின் இயேர் ஊரிலும் இருந்தார்கள். அப்புறம் நாயோடு இங்கிலாந்து திரும்பினார்கள். நாயை அடைத்து வைக்கும் சட்டம் அப்போது அங்கே இல்லை. விக்டோரியா அரசியும் 1888ல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்குப் போனபோது மார்க்கோ என்ற பொமரேனியன் நாயை வாங்கிக்கொண்டுதான் வந்தார். பிரான்சில் நாய் வளர்ப்பவர் செலுத்த வேண்டியது வரி மட்டும். 1855ல் வந்த சட்டப்படி நாய்க்கு ஆண்டுக்கு 1 முதல் 10 பிராங்க் வரை நகராட்சி வசூலிக்கலாம். ஆசைக்கு வளர்க்கும் நாய்க்கு அதிகம், காவல் நாய்க்குக் குறைவு.

ஆனால் வெறிநாய்க்கடி எல்லா ஊரிலும் இருந்தது. கடிபட்டு நோய் கண்டால் சாவுதான். 1885 ஜூலை 6ல் லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்குத் தம் தடுப்பூசியைப் போட வைத்தார். பையன் பிழைத்தான். அது கடிபட்ட மனிதனுக்கான மருந்து. நம் பக்கத்திலும் 1907ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். தமிழ்நாட்டில் நாய் கடித்தவர்கள் பிழைக்க அந்த நிலையம் எவ்வளவு உதவியது என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசியை யார் மறப்பார்கள்?

இங்கிலாந்து வேறு வழியில் போனது. அது தீவு. உள்ளே இருக்கிற நோயை ஒழித்துவிட்டு வெளியிலிருந்து வராமல் பார்த்துக்கொண்டால் போதும். வால்டர் லாங் என்ற அமைச்சர் 1897ல் நாய்களுக்கு வாய்மூடி கட்டவேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு போட்டார். நாய் வளர்ப்பவர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் நாய்க்கும் கட்டுப்பாடு வந்தது. 1901 முதல் ஆறு மாதம் தனியாக அடைத்துவைக்க வேண்டும் என்பது விதி. 1902ல் நாட்டில் வெறிநோய் இல்லை. முதல் உலகப் போர் முடிந்து வந்த சிப்பாய்கள் நாயை மறைத்துக் கொண்டுவந்ததால் 1918ல் மறுபடியும் தலைகாட்டியது. 1922ல் மறுபடியும் ஒழித்தார்கள். சட்டம் நல்ல பலன் கொடுத்தது, அதில் சந்தேகமில்லை.

அதற்கு வயதானவர்கள் கொடுத்த விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிளார்க் புத்தி. தம்பதி நாயோடு நாலு மாதம் தெற்கே தங்குகிறார்கள். திரும்பினால் நாய் ஆறு மாதம் கூண்டில். செலவும் அவர்களுடையது. வருஷத்தில் மிஞ்சுவது இரண்டு மாதம். நாயின் ஆயுள் பன்னிரண்டு, பதினாலு வருஷம். இதை எந்த வருஷம் செய்வது? ஆகவே நாய் வளர்த்த ஆங்கிலத் தம்பதிகள் பலர் குளிர்காலத்துக்கு எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தார்கள். அல்லது அண்டை வீட்டில், நாய்க் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போனார்கள்.

முதலில் இது பணக்காரர் கவலையாகத்தான் இருந்தது. பிரான்சில் 1853 ஜூன் 9ஆம் தேதிச் சட்டம் அரசு ஊழியருக்கு 60 வயதில், 30 ஆண்டு பணிக்கு ஓய்வூதியம் தந்தது. அது குமாஸ்தாவின் சாப்பாட்டுக்குச் சரியாக இருந்திருக்கும், நீஸ் விடுதிக்கு எங்கே போதும்? இங்கிலாந்தில் 1909ல் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது 70 வயதானவருக்கு வாரத்துக்கு 5 ஷில்லிங். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் சாதாரண மனிதனின் பென்ஷனும் கொஞ்சம் கனத்தது. பிரான்சில் 1982ல் ஓய்வு வயது 60 ஆயிற்று. விமானக் கட்டணம் இறங்கியது. கோடையில் நிரம்பி வழியும் ஸ்பெயின் விடுதிகள் குளிர்காலத்தில் காலியாகக் கிடந்ததால் வாரக்கணக்கில் மலிவாகத் தங்க இடம் கொடுத்தன. ஆசிரியர், தபால்காரர், தொழிற்சாலைக்காரர் எல்லோரும் போனார்கள். ஜெர்மன்காரரும் ஒல்லாந்துக்காரரும் தரை வழியாக நாயோடு போனார்கள். ஆங்கிலேயர் நாய் இல்லாமல் போனார்கள்.

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. 1968ல் ஜெர்மனிப் பக்கமிருந்து நரிகள் வழியாக வெறிநோய் பிரான்சுக்குள் புகுந்தது. 1969ல் இங்கிலாந்தின் கேம்பர்லி ஊரில், ஜெர்மனியிலிருந்து வந்த ஃபிரிட்ஸ் என்ற நாய் ஆறு மாதத்தையும் கூண்டில் முடித்துவிட்டு வெளியே வந்த சில நாட்களிலேயே வெறி கண்டது. நாடே நடுங்கியது. 1994ல் கடலடிச் சுரங்க ரயில் பாதை திறந்தபோது, அதன் வழியாக நரி வந்துவிடுமோ என்றுகூடப் பயந்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தது காட்டில் நடந்த வேலை. நரியைப் பிடித்து ஊசி போட முடியாது, கொன்றும் தீரவில்லை. 1978ல் சுவிட்சர்லாந்தில் கோழித் தலைக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போட்டார்கள். நரி தின்றது, நோய் வராமல் நின்றது. பிரான்சும் 1980களில் அந்த முறையைப் பிடித்துக்கொண்டது, மருந்து வைத்த இரையை ஹெலிகாப்டரிலிருந்து தூவினார்கள். 1998க்குப் பிறகு பிரெஞ்சு நரிகளிடம் நோய் காணப்படவில்லை. 2001ல் பிரான்ஸ் நோயற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது.

இங்கிலாந்திலும் குரல் எழுந்தது. பாரிஸில் தூதராக இருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி ஃபிரெட்வெல் சீமாட்டி 1994ல் நாய்க்குக் கடவுச்சீட்டு கேட்டு ஓர் இயக்கம் தொடங்கினார். ஹாங்காங்கின் கடைசி ஆளுநர் கிறிஸ் பேட்டன் 1997ல் பதவி முடிந்து கிளம்பியபோது விஸ்கி, சோடா என்ற தம் இரண்டு நாய்களும் இங்கிலாந்துக் கூண்டில் அடைபடக்கூடாது என்று பிரான்சுக்கு அனுப்பிவைத்தார். 1998ல் நிபுணர் குழு சட்டத்தை மாற்றலாம் என்றது. 2000 பிப்ரவரி 28 அன்று கதவு திறந்தது. தோலுக்கடியில் ஒரு சில்லு, அதில் அடையாள எண். வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க இரத்தப் பரிசோதனை. திரும்பும் முன் நாடாப்புழுவுக்கு மருந்து, உண்ணிக்கு மருந்து, அதற்கு மருத்துவர் கையெழுத்து, நாளும் நேரமும் குறித்து. 2004ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் ஒரே மாதிரிக் கடவுச்சீட்டு வந்தது. நீல அட்டை, மஞ்சள் நட்சத்திரங்கள், உள்ளே நாயின் பெயர், பிறந்த நாள், நிறம், ஊசி விவரம். விருப்பமிருந்தால் படம் ஒட்டவும் இடம் உண்டு.

நாய் நோயில்லாதது என்று ஆறு மாதம் பூட்டி வைத்துப் பார்த்தது ஒரு காலத்து அறிவு. ஊசியும் இரத்தப் பரிசோதனையும் அதையே ஒரு தாளில் நிரூபிக்க முடியும் என்று ஆனபின்பும் பழைய விதி பல ஆண்டு அப்படியே கிடந்தது. அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. விதி போட்ட காரணம் மாறிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட எவரும் முன்வரமாட்டார்கள். அதற்குள் எத்தனை வயதானவர்களுடைய கடைசிக் குளிர்காலங்கள் போயிருக்கும்!

இப்போது அந்தத் தம்பதிகளின் நாள் எப்படிப் போகிறது? நூற்றைம்பது வருஷத்துக்கு முன் மருத்துவர் விரட்டி நடக்க வைத்தார். இப்போது நாய் விரட்டுகிறது. காலையில் அது கதவருகே போய் நின்றால் எழுந்துதான் ஆகவேண்டும். ரொட்டிக் கடை வரை நடை. வழியில் இன்னொரு நாய், அதன் மறுமுனையில் இன்னொரு கிழவர். நாய்கள் முகர்ந்து பார்க்கும் நேரத்தில் மனிதர்கள் பெயர், ஊர், மூட்டுவலி எல்லாம் பேசிவிடுகிறார்கள். நீஸில் ஒரு குளிர்காலம் கழித்த செக்காவ், பின்னர் எழுதிய 'நாய்க்காரச் சீமாட்டி' கதையிலும் கடலோர ஊரில் ஓர் அறிமுகம் நாயை வைத்துத்தான் தொடங்குகிறது. மொழி தெரியாத ஊரில் மனைவி இறந்தாலோ கணவன் படுத்தாலோ முதலில் கதவைத் தட்டுவது இந்த நாய் நடை சிநேகிதர்கள்தாம்.

கவலைகளும் உண்டு. தெற்கே மணல் ஈ கடித்தால் நாய்க்கு லீஷ்மேனியா என்ற நோய் வரும். குளிர்காலத்தில் அந்த ஈ இல்லை, அது ஒரு லாபம். ஆனால் குளிர் முடியும் சமயத்தில் பைன் மரங்களிலிருந்து கம்பளிப்பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போல இறங்கும். நாய் மூக்கை வைத்தால் போச்சு, நாக்கு வீங்கி அழுகிவிடும். பைன் தோப்புப் பக்கம் நாயைக் கையில் பிடித்துத்தான் நடப்பார்கள்.

இங்கிலாந்து ஒன்றியத்தை விட்டு விலகியபின் 2021 ஜனவரி முதல் அந்நாட்டு நாய்களின் கடவுச்சீட்டு செல்லாது என்றார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் தனிச் சான்றிதழ். மனிதர்களுக்கும் விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள்தான். நவம்பரில் போய் மார்ச்சில் திரும்பியவர்கள் இப்போது விசாவுக்கு எழுதிப் போடுகிறார்கள், இல்லாவிட்டால் நாட்களை எண்ணித் திரும்புகிறார்கள்.

இது தூரத்துச் செய்தி என்று நினைக்க வேண்டாம். நம் ஊரிலும் இவெர்னான்கள் உண்டு. 1962ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள், பட்டாளத்தில் இருந்த சொல்தாக்கள், அங்கே வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்! டிசம்பரில் வந்து, பொங்கல் பார்த்து, வெயில் ஏறும் முன் திரும்புவார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதியும் அப்படித்தான், வடபிரான்சில் இருக்கிறார்கள். போன குளிர்காலத்துக்கு வரவில்லை. தொலைபேசியில் கேட்டேன். "இல்லண்ணே, நாய்க்குப் பதினாலு வயசாயிடுச்சு. மக வீட்டுல விட்டா சாப்பிட மாட்டேங்குது. அதை விட்டுட்டு வர மனசு வரல" என்றார் அந்த அம்மாள். "கூடவே கூட்டிக்கிட்டு வாங்களேன்" என்றேன். "அதுக்கு உங்க கவர்மெண்ட்டு விடணுமே" என்று சிரித்தார்.

விசாரித்துப் பார்த்தேன். 2013 முதல் இந்தியாவுக்குள் நாய் கொண்டுவரும் விதி இறுகிவிட்டது. வெளிநாட்டில் இருந்துவிட்டு இங்கேயே குடியேறத் திரும்புகிறவர் கொண்டுவரலாம். சில மாதம் இருந்துவிட்டுப் போகிறவருக்கு எளிதல்ல. திரும்பிப் போவதும் அப்படித்தான். வெறிநோய் விஷயத்தில் இந்தியாவை ஐரோப்பா நம்பிக்கையான நாடுகளின் பட்டியலில் வைக்கவில்லை. இரத்தப் பரிசோதனையை இங்கே செய்தால் அதன்பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கிளம்பும் முன்பே அங்கே செய்து கடவுச்சீட்டில் பதிந்திருந்தால் அந்தக் காத்திருப்பு இல்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயால் சாகிறார்கள். அநேகமாக எல்லாமே நாய்க்கடியால்தான். அதில் பெரும் பங்கு நம் நாட்டில், பாதிக்கு மேல் இல்லையென்றாலும் வெட்கப்படும் அளவுக்கு இருக்கிறது. பிரான்சு தன் காட்டு நரிகளுக்கே மருந்து கொடுத்து முடித்தது. நம் தெரு நாய்களுக்கு ஊசி போட்டு முடித்தால் நம் பிள்ளைகளும் பிழைப்பார்கள், எல்லைச் சாவடியில் நம்மைப் பார்க்கும் பார்வையும் மாறும்.

அந்த அம்மாளுக்குப் பரிசோதனை விவரத்தைப் பிரெஞ்சிலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன். இந்த நாய்க்கு அது உதவாது, அவருக்கும் அது தெரியும். "பரவாயில்லண்ணே, தையில உங்க வீட்டுப் பொங்கலைப் படம் எடுத்து அனுப்புங்க" என்று பதில் வந்தது. அனுப்பினேன். அவர் அனுப்பிய படத்தில் பனி கொட்டும் ஜன்னல், பக்கத்தில் கணவரின் கால்மீது தலைவைத்து அது தூங்கிக்கொண்டிருந்தது.